உன் கையெழுத்துக்கு மேலே

பாப்பா,

உறையைப் பிரித்ததும் நீ முதலில் தாளைத்தான் பார்த்திருப்பாய். உன் லெட்டர்பேடு. மேலே உன் பெயர், அதன் கீழே ‘சட்டமன்ற உறுப்பினர்’, அடியில் பச்சை மையில் நீ போட்ட கையெழுத்து. நடுவில் மட்டும் என் எழுத்து. இந்தக் கடிதத்தின் எல்லாப் பக்கமும் அப்படித்தான் இருக்கும். பதவியேற்கச் சென்னைக்குப் புறப்பட்ட அன்று காலையில், வாசலில் கார் உறுமிக்கொண்டிருக்க, கட்சிக்காரர்கள் மாலையோடு காத்திருக்க, நீ சமையலறைக்குள் ஓடிவந்து இருபத்தைந்து தாளை என் கையில் திணித்தாயே, அதே தாள்கள்தான். “யாராவது மனுவோட வந்தா நீங்களே எழுதிக் குடுத்துடுங்கப்பா. அம்மா இருந்தப்பவும் அப்படித்தானே?” என்றாய். எல்லாத் தாளிலும் கையெழுத்து இருந்தது, மேலே ஓர் எழுத்துகூட இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியே பட்டாசு வெடித்தது. நீ போய்விட்டாய்.

அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. சோறு இறங்கவில்லை. பி.பி. ஏறியிருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மாப்பிள்ளை ஷிப்டு முடிந்து வரும்போதெல்லாம் கேட்கிறார். அவருக்கு என்ன தெரியும். வாசல் கேட் கிறீச்சிட்டால் ஜன்னல் ஓரமாகப் போய் எட்டிப் பார்க்கிறேன். பேப்பர் போடுகிறவருக்கும் பயப்படுகிறேன். இதைப் போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் நீ, “சொல்லுங்கப்பா, சீக்கிரம், மினிஸ்டர் வர்றாரு” என்றாய். மாத்திரை சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. இதை மாப்பிள்ளை கையில் கொடுத்து அனுப்புகிறேன். எம்.எல்.ஏ. ஹாஸ்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படி. கூட இருக்கிறவர்கள் யாரிடமும் காட்டாதே. படித்த பிறகு காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

மேடைக்கு மேடை நீ ஒரு கதை சொன்னாய். “என் தாயார் இந்தத் தொகுதிக்கு ஒரே ஒரு முறைதான் உறுப்பினராக இருந்தார். அடுத்த முறை துரோகிகள் சேர்ந்து அவருக்குச் சீட்டு கிடைக்காமல் செய்தார்கள். அந்தத் தாயின் வழியில் வந்தவள் நான்.” சொல்லும்போது உன் குரல் உடையும். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். வடலூர் கூட்டத்தில் நான் கடைசி வரிசை நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் முதுகைத் தட்டி, “அழுவாதீங்க சார், பொண்ணு பழி வாங்கிடும்” என்றார். நான் அழவில்லை பாப்பா. அம்மாவுக்கு யாரும் துரோகம் செய்யவில்லை, வெளியே இருந்து யாரும் செய்யவில்லை. அதை உனக்குச் சொல்லாமலே உன்னை இருபத்தைந்து வருடம் வளர்த்துவிட்டேன்.

அம்மா எப்படி எம்.எல்.ஏ. ஆனாள் என்பது உனக்குத் தெரியும். கான்ட்ராக்டில் வேலை பார்த்த பெண்களுக்குக் குடிக்கத் தண்ணீர்கூட வைக்கவில்லை என்று நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு கான்ட்ராக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்தவள், பிறகு வீட்டில் உட்காரவே நேரமில்லாமல் போனாள். கட்சியில் இரண்டு பெரிய ஆட்கள் ஒரே சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர் கவிழ்த்துவிடுவார் என்று மேலிடத்துக்குப் பயம். மூன்றாவதாக அம்மாவுக்குக் கொடுத்தார்கள். தோற்றுவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். ஜெயித்து வந்தாள். சட்டசபையில் அவள் கேட்ட முதல் கேள்வி சேத்தியாத்தோப்புக்குக் காலை நேரத்தில் இன்னொரு பஸ் விடுவது பற்றி. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்து, “அப்படின்னா வருமா வராதா?” என்று என்னைக் கேட்டாள். வராது என்றேன். “அதை அப்படியே சொல்றதுக்கு என்னவாம்” என்றாள். அவள் அப்படிப்பட்டவள். உள்ளது எதுவோ அதைச் சொல்ல வேண்டும் அவளுக்கு.

நான் அப்போது நிலக்கரி மைன்ஸில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எந்த ஷிப்டுக்கு வந்தார், யார் வரவில்லை என்று பதிவேட்டில் எழுதுகிற வேலை. ஓர் ஆள் பெயருக்கு நேராக நான் ஆப்சென்ட் போட்டுவிட்டால் அவர் அன்றைக்கு வரவில்லை, அவ்வளவுதான். அவர் வந்து நின்றாலும் வரவில்லை. அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிப்போன ஆளிடம் அம்மா தன் லெட்டர்பேடைக் கொடுத்தாள். திங்கட்கிழமைதான் மனு வாங்குகிற நாள். சபை நடக்கும் மாதங்களில் அவள் ஞாயிறு மதியமே பஸ் ஏறிவிடுவாள். அதற்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பச்சைப் பேனாவால் வரிசையாக வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போடுவாள். நீ பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாக ஊதிக் காய வைப்பாய். ஞாபகம் இருக்கிறதா? திங்கட்கிழமை நான் பர்மிஷன் போட்டுவிட்டு, குவார்ட்டர்ஸ் வாசலில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்வேன். வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு, அம்மா சொல்வது போல எழுதிக் கொடுப்பேன்.

இதில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. டைம் ஆபீஸில் என்னைச் சார் என்று கூப்பிட்ட ஆள் கிடையாது. இங்கே பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, “சார், நீங்க ஒரு வார்த்த எழுதுனா போதும்” என்று நின்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். நான் தாராளமான பூசாரி. கேட்டதற்கு மேலேயே கொடுப்பேன். என் தமிழ் நன்றாக இருக்கிறது என்று எனக்கே ஒரு நினைப்பு. ஒரு கடிதத்தை எழுதி முடித்ததும் வாய்விட்டு ஒருமுறை படித்துக் காட்டுவேன். கேட்கிறவர் கண் கலங்கினால் எனக்குத் திருப்தி.

ஏழுமலை என்று ஒருவர். இரண்டாவது சுரங்கத்துக்காக ஊர் காலியானபோது அவர்கள் வீடும் போனது. கன்வேயர் பெல்ட்டைச் சுத்தம் செய்கிற கான்ட்ராக்டர் ஒருவர், அப்படி வீடு போன குடும்பத்தில் வீட்டுக்கு ஓர் ஆளை எடுப்பதாகச் சொல்லியிருந்தார். எம்.எல்.ஏ. கடிதம் கொண்டுவந்தால் போதும் என்பது அவருடைய ஏற்பாடு. ஏழுமலை அம்மாவிடம் வந்து கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். ஆள் எடுக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்று தெரிந்ததும் அம்மா, “அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்க வேணாம். நெல்லிக்குப்பம் போயி கரும்பு வெட்டிட்டு வா. உனக்குத்தான் லெட்டர்” என்று அனுப்பினாள். மனைவியைத் தலைப்பிரசவத்துக்குச் சேத்தியாத்தோப்புப் பக்கம் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு அவர் கரும்பு வெட்டப் போனார். எல்லாவற்றையும் எழுதி வைக்கிற நான் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மறந்தும் போனேன்.

அம்மா சென்னையில் இருந்த ஒரு திங்கட்கிழமை ஏழுமலையின் தம்பி சேகரும் அவர்களின் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்துகொண்டாள். “எனக்கு ரெண்டு புள்ளைங்க சார். பெரியவன் எங்க போனான்னே தெரியல. வருவானோ மாட்டானோ. இவன்தான் என்னை வச்சிக்கினு கஞ்சி ஊத்தறான். இவன் பேருக்கு எழுதிக் குடுங்க” என்றாள். பெரியவன் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை ஞாபகம் வந்திருக்கும். எழுதினேன்: ‘இக்குடும்பத்தின் மூத்த மகன் தாயையும் மனைவியையும் கைவிட்டு ஊரைவிட்டே சென்றுவிட்டார். இளைய மகன் ஒருவரே குடும்பத்தைத் தாங்கி வருகிறார்.’ பாப்பா, மனைவியைப் பற்றி அந்த அம்மாள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதை நான் சேர்த்தேன். தாயை மட்டும் கைவிட்டார் என்றால் வாக்கியம் நொண்டுவது போல இருந்தது. தாயையும் மனைவியையும் என்றால் காதுக்கு நிறைவாக இருந்தது. படித்துக் காட்டினேன். அந்த அம்மாள் அழுதாள். அவள் எதற்கு அழுதாள் என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன்.

சேகருக்கு வேலை கிடைத்தது. அண்ணன் திரும்பி வந்து வேலையைக் கேட்டால் யாரும் அவர் பக்கம் பேசக் கூடாது என்று, அவர் அந்தக் கடிதத்தை நகல் எடுத்து அண்ணனுடைய மாமனார் வீட்டிலும் கொடுத்துவிட்டார். கரும்பு சீசன் முடிந்து ஏழுமலை நேராகக் குழந்தையைப் பார்க்கத்தான் போயிருக்கிறார். மாமனார் நகலைக் காட்டிப் படியேற விடவில்லை. அடுத்த திங்கட்கிழமை நம் வாசலுக்கு வந்தார். அம்மா அன்றைக்கு வீட்டில் இருந்தாள்.

“அரசாங்க முத்திர போட்ட தாள்ல நான் பொண்டாட்டிய வுட்டுட்டு ஓடிட்டன்னு இருக்குதுங்க. நீங்கதானம்மா என்னைக் கரும்பு வெட்டப் போவச் சொன்னீங்க. பொண்ணு பொறந்திருக்குது. வாசப்படிக்கு இந்தாண்ட நிக்க வச்சி தூக்கிக் காட்டுனாங்க, கையில குடுக்கல.”

அம்மா நகலை வாங்கிப் படித்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே வந்து, “இப்பவே வேற லெட்டர் எழுதறேன், முதல்ல குடுத்தது தப்புன்னு” என்றாள். நான் கதவைச் சாத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “எழுதினா யாரு எழுதுனதுன்னு கேள்வி வரும். வெத்துத் தாள்ல நீ கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன்னு வெளிய தெரிஞ்சா பதவியே போயிடும். என் வேலையும் போயிடும்” என்றேன். எது போகும், எது போகாது என்று எனக்கு உண்மையில் தெரியாது. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். பிறகு வெளியே போய் ஏழுமலையிடம், “நான்தான் எழுதுனேன். விசாரிச்சுத்தான் எழுதுனேன்” என்றாள்.

அவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். “போன வருசம் ரேஷன் கார்டுக்கு எங் கண்ணு முன்னாடி எழுதிக் குடுத்தீங்க. உங்க எழுத்து எனக்குத் தெரியுங்க. இது உங்க எழுத்து இல்ல” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பொது வாழ்க்கையில் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அதையும் எனக்காகத்தான் சொன்னாள். எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் ஏட்டோடு அவளையும் சேர்த்துக் கெடுத்தேன்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமை தவறாமல் அவர் வந்தார். வரிசையில் நிற்க மாட்டார். கேட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பார். சத்தம் போட மாட்டார், யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். காலை ஷிப்டுச் சங்கு ஊதும்போது வருவார், மனு வாங்கி முடித்து நான் நாற்காலியை எடுத்து உள்ளே வைக்கும்வரை நிற்பார். திட்டியிருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருக்கலாம். அந்த நிற்றல்தான் எனக்குத் தாங்கவில்லை. ஞாயிறு வந்தாலே எனக்குக் காய்ச்சல் அடிப்பது போல இருக்கும்.

இனி சொல்லப்போவதை அம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. அவள் போய்ச் சேரும்வரை சொல்லவில்லை. உனக்கு ஏழு வயது. அம்மா சென்னையில். திங்கட்கிழமை காலை, மனுக்காரர்கள் யாரும் இன்னும் வரவில்லை. நீ யூனிபார்ம் போட்டுக்கொண்டு ஸ்கூல் பஸ்ஸுக்காகக் கேட்டுக்கு வெளியே நின்றாய். நான் ஜன்னல் அருகில் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். ஏழுமலை ரோட்டைக் கடந்து உன் பக்கம் வந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலின் கழுத்து நீட்டிக்கொண்டிருந்தது, துணியைச் சுருட்டி அடைத்திருந்தது. காற்று வீட்டுப் பக்கம் அடித்தது. மண்ணெண்ணெய் வாசனை எனக்கு வந்தது. அவர் சட்டையே நனைந்திருந்ததா, பாட்டில் கசிந்ததா, தெரியாது. நீ அவருக்கு ஓர் அடி தள்ளி நிற்கிறாய்.

என் கால் நகரவில்லை பாப்பா. கத்தவும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் பாதி சோப்போடு நின்றேன். பெற்ற பெண் அங்கே நிற்கிறாள், ஓடு என்று உள்ளே ஒன்று சொல்கிறது. வெளியே போனால் அவர் என்னைப் பார்ப்பார், நீதான் எழுதினாயா என்று கேட்பார் என்று இன்னொன்று சொல்கிறது. அந்த இரண்டாவதுதான் ஜெயித்தது. 

அவர் உன்னிடம் ஏதோ கேட்டார். நீ காலை நீட்டிக் காட்டினாய். ஷூ லேஸ் அவிழ்ந்து கிடந்தது. அவர் பையைத் தரையில் வைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, லேஸைக் கட்டினார். ஒரு காலுக்குக் கட்டிவிட்டு அடுத்த காலையும் இறுக்கினார். நீ அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பஸ் வந்தது, நீ ஏறினாய், அவருக்குக் கை ஆட்டினாய். அவர் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு நடந்தார். அடுத்த திங்கள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. சாயங்காலம் நீ, “ஒரு மாமா எனக்கு ரெண்டு முடிச்சு போட்டுக் கட்டிவிட்டாரு, அவுரவே இல்லப்பா” என்றாய். அன்றைக்கு அவர் எதற்காக வந்தார் என்பதும், எதைப் பார்த்துத் திரும்பிப் போனார் என்பதும் எனக்குத் தெரியும்.

அடுத்த தேர்தலில் கட்சி அம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டது. மாவட்டத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்தார். அம்மா காபி கொடுத்துவிட்டு, “பேனாவத் தொடவே பயமா இருக்குதுங்கண்ணே. வேற யாரையாவது பாருங்க” என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போனார். சீட்டை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பேச்சு வசதியாக இருந்தது, மறுக்கவில்லை. நீ வளர்ந்தபோது உனக்கும் அதே கதைதான் கிடைத்தது. உன் ராங்க் கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அம்மா ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிப்பாளே, பின்பக்கத்து விதிமுறைகளைக்கூட விடாமல் படிப்பாளே, நீ, “அம்மா, இது ராங்க் கார்டு, பத்திரம் இல்ல” என்று கிண்டல் செய்வாய். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவள் மட்டும் சிரிக்க மாட்டாள்.

இப்போது போன திங்கட்கிழமைக்கு வருகிறேன். நீ போய் நான்கு நாள்கூட ஆகவில்லை, வாசலில் கூட்டம். புது எம்.எல்.ஏ. வீடு என்று மூன்று பலாப்பழம் வந்து இறங்கியது. இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும் இல்லையா? ஒரு பெண் வந்து, “சார், நீங்க ஒரு வார்த்த எழுதுனா போதும்” என்றாள். அந்தச் சார் என்ற சொல்லில் என்னதான் இருக்கிறதோ. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மூன்று பேருக்கு எழுதிக் கொடுத்தேன். ஒன்று விதவை உதவித்தொகை, ஒன்று ஸ்கூல் அட்மிஷன், மூன்றாவது மந்தாரக்குப்பத்தில் ஒரு பொதுப் பாதைத் தகராறு. மூன்றாவதில் இன்னாருடைய ஆக்கிரமிப்பு என்று பெயரோடு எழுதியிருக்கிறேன். ஒரு பக்கத்துப் பேச்சைத்தான் கேட்டேன். மூன்று பேருடைய பெயரும் போன் நம்பரும் தனியாக மாப்பிள்ளையிடம் இருக்கின்றன. இதைப் படித்தவுடன் மற்ற வேலையை விட்டுவிட்டு அவர்களைக் கூப்பிட்டு விசாரி. மூன்றாவது கடிதத்தைத் திரும்ப வாங்கு.

நான்காவது ஆளுக்கு எழுதத் தலையை நிமிர்த்தினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏழுமலை நின்றார். தலை முழுக்க நரை. உடம்பு வற்றிப்போயிருந்தது. ஆனால் நிற்கிற விதம் அதேதான். கையில் துணிப்பை. பேனாவைக் கீழே வைத்தேன். இந்த முறை எழுந்து போனேன், தைரியத்தால் அல்ல. கூட்டத்தின் முன்னால் அவர் ஏதாவது செய்துவிடுவாரோ என்ற பயத்தால் போனேன். பேசுகிற நேரம் முழுக்க என் கண் அந்தப் பையிலேயே இருந்தது. அவர் அதைக் கவனித்துவிட்டார். பையை விரித்துக் காட்டினார். “டிபன் பாக்ஸுங்க. ஒண்ணும் இல்ல” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“பாப்பா ஜெயிச்சிடுச்சாமே. டீக்கடையில போட்டோ பாத்தேன். சந்தோசங்க” என்றார். பிறகு, “எம் பொண்ணுக்கு ஆனி மாசம் கல்யாணம் வச்சிருக்காங்க. அங்கியே வளந்துது. எனக்குப் பத்திரிக வக்கல. நான் போனா பந்தல்ல சேக்க மாட்டாங்க. அந்த லெட்டர இன்னும் பொட்டியில வச்சிக்கினு இருக்காங்க சார். பொண்ணே அதப் படிச்சிருக்குது. அம்மா எழுதலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். யாரு எழுதுனதுன்னு மட்டும் சொல்லுங்க. அவுங்கள ஒரு வார்த்த எழுதித் தரச் சொல்லிக் கேக்கறேன், அது பொய்யின்னு. பொண்ணு கிட்டக் காட்டணும்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ரொம்ப வருசம் ஆச்சு ஏழுமலை. ஞாபகம் இல்ல” என்றேன்.

“சரிங்க. யோசிச்சு வையுங்க. வர்ற திங்கக்கிழம வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். மிரட்டவில்லை. பஸ் டைம் சொல்வது போலச் சொன்னார். அந்த ஒரு வாரத்தைத்தான் நான் இப்படிக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. இதற்கு ஏன் பயப்பட வேண்டும், உன் தாள் இருக்கிறதே என்று. நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய், மேலே நான்கு வரி எழுதிக் கொடுத்தால் முடிந்தது. அவருக்கும் காரியம் ஆகும், என் பெயரும் வெளியே வராது. உட்கார்ந்து எழுதினேன். ‘என் தாயார் பதவியில் இருந்த காலத்தில் தவறுதலாக வழங்கிய கடிதம்...’ அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. செத்துப்போனவள் மேல் இரண்டாம் முறையாக, அதுவும் அவள் பெற்ற பெண்ணின் கையாலேயே பழியைப் போடுகிறேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பார். அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பிறகு அம்மாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அப்பன் என்று ஒருவன் இருக்கிறேனே, சொல்லிவிடுகிறேன். உன்னிடம் வருகிறவர்கள் பாதிப் பேர் வேறொருவரைப் பற்றித்தான் சொல்வார்கள். அந்த வேறொருவர் அப்போது எங்கேயோ கரும்பு வெட்டிக்கொண்டிருப்பார். அவர் வருகிறவரை பேனாவை மூடி வை. தாமதமாகிறது என்று திட்டுவார்கள், திட்டட்டும். வெற்றுத் தாளில் இனி கையெழுத்துப் போடாதே, யாரை நம்பியும் போடாதே. முக்கியமாக, உன்மேல் பாசமாக இருக்கிற ஆளை நம்பிப் போடாதே. அம்மா போட்டது என்னை நம்பித்தான்.

ஏழுமலைக்கான கடிதத்தை நேற்று எழுதி முடித்தேன். நோட்டுப் புத்தகத்தில் கிழித்த கோடு போட்ட தாளில், நீல மையில். அலங்காரம் எதுவும் இல்லை. அம்மா கையெழுத்துப் போட்டு வைத்திருந்த வெற்றுத் தாளில் அந்தக் கடிதத்தை எழுதியவன் நான், விசாரிக்காமல் எழுதினேன், மனைவி என்ற சொல்லை யாரும் சொல்லாமல் நானாகச் சேர்த்தேன், இவர் கரும்பு வெட்டப் போயிருந்தார், போகச் சொன்னது எம்.எல்.ஏ., பக்கத்தில் நின்று கேட்டது நான். இவ்வளவுதான். கீழே என் பெயர், நான் பார்த்த வேலை. நகல் ஒன்று இந்த உறையிலேயே இருக்கிறது. இது வெளியே போனால் உன்னை எதிர்த்து நின்றவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அம்மாவின் பெயரை இழுப்பார்கள், உன் பெயரை இழுப்பார்கள், வாட்ஸ்அப்பில் என் படத்தைப் போட்டுச் சிரிப்பார்கள். பதவியேற்ற பத்தாவது நாளே உன் தலையில் இதைக் கொண்டுவந்து போடுகிறேன். உன்னைக் கேட்காமல் செய்கிறேன். கேட்டால், “கொஞ்சம் பொறுங்கப்பா, பேசி முடிச்சிடலாம்” என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். அப்படி நீ சொன்னால் நான் சந்தோஷமாகப் பொறுத்துவிடுவேன், அதுதான் பெரிய பயம்.

இன்று திங்கட்கிழமை. முதல் ஷிப்டுச் சங்கு ஊதி ஐந்து நிமிடம் ஆகிறது. ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிறது, அவர் வந்துவிட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறார். மாப்பிள்ளைக்கு இன்று வார லீவு, இந்தக் கடிதத்தோடு சென்னைக்குக் கிளம்பக் குளித்துக்கொண்டிருக்கிறார். நீ கொடுத்த இருபத்தைந்து தாளில் மூன்று ஊருக்குள் போயின, ஒன்று அடுப்பில் போனது, மீதி இருபத்தொன்றையும் இதை எழுதியே தீர்த்துவிட்டேன். என்னிடம் உன் கையெழுத்து ஒன்றுகூட இல்லை.

இந்தக் கடைசித் தாளில் மட்டும் உன் கையெழுத்துக்கு மேலே கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது. டைம் ஆபீஸில் பதிவேட்டை மூடும்போது, காலியாக இருக்கிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவோம், பின்னால் யாரும் எதையும் சேர்க்கக் கூடாது என்று. அப்படி ஒரு கோடு இழுத்து இதை மூடுகிறேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். பயம் அப்படியேதான் இருக்கிறது பாப்பா. ஆனால் இன்றைக்குக் கால் நகர்கிறது.

உன் அப்பா